திரும்பி வருகிறவர்கள் 13 சதவீதம்தான் என்றால் தளம் தோல்வியா?

உங்கள் கேள்வியை ஒருமுறை நானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். தமிழில் ஒரு சமையல் குறிப்புத் தளம் நடத்துகிறீர்கள். மாதம் நாற்பதாயிரம் பேர் வருவதாக, தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் காட்டுகிறது. அதில் 38 ஆயிரம் பேர் புதியவர்கள், 5,200 பேர் திரும்பி வந்தவர்கள், அதாவது 13 சதவீதம். இரண்டையும் கூட்டினால் நாற்பதாயிரத்தைத் தாண்டுவது ஏன் என்று குழம்பியிருக்கிறீர்கள். அந்த விகிதம் முப்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தளம் தேறாது என்று நண்பர் பயமுறுத்தியிருக்கிறார். நோட்டிபிகேஷன் பாப்-அப் வைத்தால் சரியாகுமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இந்த எண்ணை நம்பலாமா என்பதும், நம்மைத் தேடி வரும் ஆட்கள் என்று உண்மையிலேயே யாராவது இருக்கிறார்களா என்பதும்தான் உங்கள் மனதில் இருப்பது என்று எனக்குப் படுகிறது. பதினான்கு வருடமாக இந்த ரிப்போர்ட்டுகளோடுதான் என் பிழைப்பு. செய்தித் தளம், ஜவுளிக்கடை, தேர்வுக் குறிப்புத் தளம் என்று பலதையும் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். அனலிட்டிக்ஸ் ஆட்களை எண்ணுவதில்லை, பிரவுசர்களை எண்ணுகிறது. ஒருவர் உங்கள் தளத்துக்கு முதன்முறை வரும்போது அவருடைய பிரவுசரில் ஒரு சின்னக் குறிப்பை எழுதி வைக்கிறது. குக்கி என்கிறோமே, அதுதான். அடுத்த முறை வரும்போது குறிப்பு இருந்தால் பழைய ஆள், இல்லாவிட்டால் புது ஆள். அவ்வளவுதான் அதன் அறிவு. உங்கள் கணினியிலேயே பார்க்கலாம்: குரோமில் உங்கள் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள், அப்ளிகேஷன் என்ற தாவலில் குக்கீஸ் இருக்கும். ஒரு கீழ்க்கோடு போட்டு ஜிஏ என்ற பெயரில் ஒன்று தெரியும். அதன் மதிப்பில் இரண்டு நீளமான எண்கள் இருக்கும். முதலாவது குலுக்கல் முறையில் வந்த எண். இரண்டாவது பத்து இலக்கம். 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடிகள் கழித்து அந்த பிரவுசர் முதன்முதலாக உங்கள் தளத்துக்கு வந்தது என்ற கணக்கு அது. உதாரணமாக 1730332800 என்றிருந்தால், நம் நேரப்படி 2024 அக்டோபர் 31 காலை ஐந்தரை மணி. அன்றைக்குத் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரத்தில் யாரோ ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஆளின் பெயர், ஊர், வயது எதுவும் அந்த எண்ணில் இல்லை.

குக்கி பிறந்ததே இந்தக் கேள்விக்காகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி அதை உருவாக்கினார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அதன் முதல் உபயோகம், நெட்ஸ்கேப் தளத்துக்கு வருபவர் ஏற்கெனவே வந்தவரா என்று பார்ப்பது. முப்பது வருடம் கழித்தும் நாம் அதே குறிப்புச் சீட்டை வைத்துக்கொண்டுதான் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நடுவில் மாறியது, சீட்டு எவ்வளவு நாள் தங்கும் என்பது.

கூகுள் அந்தச் சீட்டுக்கு இரண்டு வருட ஆயுள் கொடுக்கிறது. ஆனால் 2022இலிருந்து குரோம் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு வருகையிலும் கெடு புதுப்பிக்கப்படும் என்பதால், 400 நாளுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். சபாரி இன்னும் கறார். 2019இலிருந்து இந்த மாதிரி ஸ்கிரிப்ட் எழுதும் குக்கிகளை ஏழு நாளில் அழித்துவிடுகிறது. ஐபோனில் குரோம் வைத்திருந்தாலும் இந்தியாவில் உள்ளே ஓடுவது சபாரியின் எஞ்சின்தான். ஆகவே, ஐபோனில் வாரம் ஒருமுறை வரும் வாசகர் பழைய ஆளாகத் தெரிவார், பத்து நாளுக்கு ஒருமுறை வருபவர் ஒவ்வொரு முறையும் புது ஆள்தான். ஐந்து வருடமாக வந்துகொண்டிருப்பவராக இருந்தாலும் சரி.

உங்கள் தளத்துக்கு இது எப்படி விளையாடும் என்று யோசியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதிரசப் பாகு பதம் பார்க்க மட்டும் வரும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். 2024 தீபாவளிக்கும் 2025 தீபாவளிக்கும் இடையே 354 நாள். ஆண்ட்ராய்டு குரோமில் சீட்டு அழியாமல் இருக்கும், அவர் பழைய ஆளாகப் பதிவாவார். 2025 அக்டோபர் 20இலிருந்து 2026 நவம்பர் 8 வரை 384 நாள், அதுவும் பதினாறு நாள் மிச்சத்தில் தப்பிவிடும். ஆனால் நடுவில் போன் மாற்றியிருந்தால், அல்லது மெமரி நிறைந்துவிட்டது என்று பேரன் எல்லாவற்றையும் அழித்திருந்தால், கதை முடிந்தது. லண்டனில் ஐபோன் வைத்திருக்கும் அவருடைய மகளோ எந்தத் தீபாவளிக்கு வந்தாலும் புதியவர்தான். இரண்டு பேருமே உங்கள் தளத்தை நம்பித்தான் பாகு காய்ச்சுகிறார்கள். ரிப்போர்ட்டில் ஒருவர் விசுவாசி, மற்றவர் வழிப்போக்கர்.

இன்னும் சில ஓட்டைகள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகளுக்குள் இணைப்பைத் தட்டினால் அந்தச் செயலியின் சொந்த பிரவுசரில் திறக்கும். அதன் குக்கி டப்பா வேறு, குரோமின் டப்பா வேறு. அதே போனில் அதே ஆள் இன்று பேஸ்புக் வழியாகவும் நாளை கூகுள் வழியாகவும் வந்தால் இரண்டு பேர். மதியம் ஆபீஸ் கணினியில் படித்துவிட்டு இரவு அடுப்படியில் போனில் திறந்தால் அதுவும் இரண்டு பேர். ஐரோப்பாவில் இருக்கும் நம் ஆட்கள் குக்கி அனுமதிப் பெட்டியில் வேண்டாம் என்று சொன்னால் சீட்டே எழுதப்படாது. அப்புறம், தளத்தின் டொமைனையே மாற்றினால் அன்றைக்கு எல்லாருமே புதியவர்கள் ஆகிவிடுவார்கள், ஏனென்றால் சீட்டு டொமைன் பெயரோடு கட்டப்பட்டது. டாட் இன்னிலிருந்து டாட் காமுக்கு மாறிய ஒருவர் மறுவாரம் பதறிப்போய் எனக்குப் போன் செய்தது நினைவிருக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, ஆனால் குறைவு. ஒரே போனை வீட்டில் நான்கு பேர் பார்த்தால் நால்வரும் சேர்ந்து ஒரு பழைய ஆள். ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலை பார்த்தபோது, காலை ஒன்பதரை மணிக்குத் தினமும் திரும்பி வருபவர்களின் வருகை குபீரென்று ஏறும். வாடிக்கையாளர்கள் கடை திறக்கும்முன் சேலை பார்க்கிறார்கள் என்று முதலாளிக்கு ஒரே பெருமை. போய்ப் பார்த்தால், பில் போடும் கணினிகள் அத்தனையிலும் பிரவுசரைத் திறந்தவுடன் கடையின் தளமே வரும்படி வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டிலும் நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், கட்டுரை ஏற்றும் பெண் என்று இருப்பீர்கள் அல்லவா? ஆள் கணக்கில் அது மூன்று பேர்தான், நாற்பதாயிரத்தில் ஒன்றும் ஆகாது. ஆனால் செஷன் கணக்கை, அதாவது எத்தனை தடவை வந்து போனார்கள் என்பதைப் பார்க்கும்போது உங்கள் சொந்த நடமாட்டமே பாதி விசுவாசமாகத் தெரியலாம். ஐபி முகவரியை வைத்து வடிகட்டும் வசதி இருக்கிறது, ஆனால் மொபைல் டேட்டாவில் முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் நம் ஊரில் அது பெரிதாக உதவாது. அனலிட்டிக்ஸை முடக்கும் கூகுளின் ஆட்-ஆனை உங்கள் கணினியில் போட்டுக்கொள்வது எளிது.

இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தவறு பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்கிறது. பழையவரைப் புதியவராக எண்ணும் வழிகள் ஏராளம், புதியவரைப் பழையவராக எண்ணும் வழிகள் சொற்பம். எனவே 5,200 என்பதைக் கீழ்வரம்பாக எடுத்துக்கொள்ளலாம். உண்மையான எண் அதைவிடக் கூடுதலாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். எவ்வளவு கூடுதல் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். ஆனால் எங்கே ஓட்டை பெரிது என்று நீங்களே பார்க்கலாம். ரிப்போர்ட்டை பிரவுசர் வாரியாகப் பிரியுங்கள். குரோம் ஒரு வரி, சபாரி ஒரு வரி. பேஸ்புக் போன்ற செயலிகளுக்குள் திறந்தவை "ஆண்ட்ராய்டு வெப்வியூ" என்றும் "சபாரி இன்-ஆப்" என்றும் தனியாக வரும். குரோமில் திரும்புபவர் விகிதம் ஓரளவு இருந்து மற்றவற்றில் பாதாளத்தில் இருந்தால், அந்தப் பள்ளத்தில் ஒரு பெரும்பங்கு குக்கியால் வந்தது, உங்கள் சாம்பாரால் வந்தது இல்லை. நாடு வாரியாகப் பார்க்கும்போதும் இதை மறக்க வேண்டாம். கனடா வாசகர்கள் திரும்புவதில்லை என்று முடிவு கட்டும்முன் அவர்கள் கையில் எந்தப் போன் இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, கூட்டினால் ஏன் மொத்தத்தைத் தாண்டுகிறது? இதற்குச் சந்தேகமில்லாத பதில் உண்டு. ஜிஏ4இல், அதாவது கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பில், திரும்பி வருபவர் என்றால் இதற்கு முன்பு ஒரு செஷனாவது நடத்தியவர். 3ஆம் தேதி முதன்முறை வந்து 10ஆம் தேதி மறுபடி வந்தவர் அந்த மாதத்தில் புதியவர் பட்டியலிலும் இருப்பார், திரும்பியவர் பட்டியலிலும் இருப்பார். உங்கள் கணக்கில் குறைந்தது 3,200 பேர் அப்படி இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். அதாவது அதே மாதத்தில் உங்களைக் கண்டுபிடித்து அதே மாதத்தில் மறுபடியும் வந்தவர்கள். கெட்ட செய்தியா அது?

அவசரப்பட்டுக் கொண்டாடவும் வேண்டாம். இங்கே சமையல் தளங்களுக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. முப்பது நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஒரு செஷன் முடிந்துவிட்டதாகக் கணக்கு. ஒருவர் காலை பத்து மணிக்கு உங்கள் பிரியாணிக் குறிப்பைத் திறந்து சாமான் பட்டியலைப் பார்க்கிறார். போனைப் பையில் போட்டுக்கொண்டு கறிக்கடைக்குப் போகிறார். பதினொன்றரைக்கு வந்து, அரிசியை ஊறப் போட்டுவிட்டு, அதே பக்கத்தை மறுபடி திறக்கிறார். தம் போடும்போது இன்னொரு தடவை. கணினிக்கு இது மூன்று செஷன், அந்த ஆள் "திரும்பி வந்தவர்". நமக்கு அது ஒரே பிரியாணி. செஷன் இடைவெளியை அமைப்பில் போய் அதிகபட்சமாக 7 மணி 55 நிமிடம் வரை நீட்டலாம். சமையல் தளத்துக்கு நான் நான்கு மணி நேரமாவது வைப்பேன். மாற்றிய தேதியை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அந்த இடத்தில் எண் ஏன் விழுந்தது என்று நீங்களே தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அமைப்பைத் தொட விருப்பமில்லை என்றால் இன்னொரு வழி: "நியூ" "எஸ்டாப்ளிஷ்ட்" என்று ஒரு பிரிவு ஜிஏ4இல் இருக்கிறது. முதல் வருகை ஏழு நாளுக்குள் நடந்திருந்தால் நியூ, அதற்கும் முந்தையது என்றால் எஸ்டாப்ளிஷ்ட். பிரியாணிக்காரர் அன்றைக்கு அதில் நியூதான். எனக்கு "ரிட்டர்னிங்" எண்ணைவிட இது பிடிக்கும்.

இனி உங்கள் நண்பரின் முப்பது சதவீதம். எந்தத் தளத்துக்கும் பொதுவான அப்படி ஒரு கோடு கிடையாது. பேங்க் தளத்துக்குப் பழைய ஆட்கள்தான் வருவார்கள், வந்துதான் ஆக வேண்டும். ரசம் வைப்பது எப்படி என்று கூகுளில் தேடி வருபவரிடம் அந்தக் கட்டாயம் இல்லை. அதைவிட முக்கியம், விகிதம் என்பதே இந்த விஷயத்தில் ஏமாற்றும். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஜூனில் பத்தாயிரம் பேர், அதில் இரண்டாயிரம் பேர் திரும்பியவர்கள், 20 சதவீதம். ஜூலையில் உங்கள் பூண்டு ஊறுகாய், போனில் கூகுள் தானாகக் காட்டும் டிஸ்கவர் பட்டியலில் ஏறி முப்பதாயிரம் பேர் வருகிறார்கள், திரும்பியவர்கள் மூவாயிரம், 10 சதவீதம். விகிதம் பாதியாகிவிட்டது, ஆனால் உங்களைத் தேடி வந்தவர்கள் ஒன்றரை மடங்கு. எதை வைத்து அழுவது?

இதன் மறுபக்கம் ஆபத்தானது. தேர்வுக் குறிப்புத் தளம் நடத்தும் ஒருவர் ஒருநாள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். திரும்பி வருபவர் விகிதம் மூன்று வாரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு, புது டிசைன் போட்டது வேலை செய்கிறது என்றார். மைசூர்பாகைக் கடித்துக்கொண்டே எண்ணிக்கையைத் திறந்து பார்த்தேன். திரும்பி வருபவர்கள் ஒருவர்கூடக் கூடவில்லை. புதியவர்கள்தான் காணாமல் போயிருந்தார்கள். டிசைன் செய்தவர், வேலை நடக்கும்போது தேடுபொறிகள் வர வேண்டாம் என்று வேர்ட்பிரஸில் ஒரு கட்டத்தில் டிக் போட்டு, அதை எடுக்க மறந்திருந்தார். கூகுள் ஒவ்வொரு பக்கமாகத் தளத்தைக் கைகழுவிக்கொண்டிருந்தது. அந்த விகிதம் மட்டும் கண்ணில் பட்டிருந்தால் இன்னும் இரண்டு மாதம் ஸ்வீட் சாப்பிட்டிருப்போம். அன்றிலிருந்து விகிதத்தை முதலில் காட்டும் எந்த டாஷ்போர்டையும் நான் செய்து கொடுப்பதில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒரே வாரத்தில் முதன்முறை வந்தவர்களை ஒரு செட்டாக வைத்துக்கொண்டு, அந்த செட் அடுத்தடுத்த வாரங்களில் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்து நாணயமான முறை. இவர்கள் 2015 பேட்ச், இவர்கள் 2018 பேட்ச் என்று கல்லூரியில் சொல்கிறோமே, அதே கதைதான். அனலிட்டிக்ஸ் மொழியில் கோஹார்ட். ஜிஏ4இல் எக்ஸ்ப்ளோர் பகுதிக்குள் போய் கோஹார்ட் எக்ஸ்ப்ளோரேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேர்க்கை நிபந்தனை முதல் வருகை, திரும்பும் நிபந்தனை எந்த நிகழ்வானாலும், அளவு வாரம். அதற்கு முன்னால் அட்மின் பக்கத்தில் டேட்டா ரிடென்ஷன், அதாவது தரவை வைத்திருக்கும் காலம், எவ்வளவு என்று பாருங்கள். யாரும் தொடாமல் விட்டிருந்தால் 2 மாதம்தான் இருக்கும், இலவசக் கணக்கில் 14 மாதம் வரை வைக்கலாம். இன்றைக்கே மாற்றுங்கள். அழிந்துபோன தரவை எந்தக் கூகுள்காரரும் திருப்பித் தர மாட்டார். வழக்கமான ரிப்போர்ட்டுகளை இந்த அமைப்பு பாதிக்காது, இந்த எக்ஸ்ப்ளோர் பகுதியைத்தான் பாதிக்கும்.

வரும் அட்டவணையை வரிவரியாகப் படியுங்கள். முதல் கட்டத்தில் அந்த வாரம் வந்த எல்லாரும் இருப்பார்கள். அடுத்த கட்டத்தில் தடாலென்று விழும், அதைக் கண்டு மிரள வேண்டாம், எல்லாத் தளத்திலும் விழும். நான் கவனிப்பது அது எங்கே போய் நிற்கிறது என்பதை. நூறு பேரில் ஆறு, நான்கு, இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்று கரைந்துபோகும் செட் உண்டு. ஆறு, நான்கு, நான்கு, நான்கு என்று பிடித்துக்கொள்ளும் செட்டும் உண்டு. இரண்டாவது வகை உங்களிடம் இருந்தால் அந்த நான்கு பேர்தான் உங்கள் வாசகர்கள். எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவை, வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி வாரத்து செட்டையும் ஒரு சாதாரண ஆடி மாத வாரத்து செட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் பண்டிகைக் கூட்டம் பெரிதாக வந்து சுத்தமாகக் கரைந்துவிடும். "இன்றைக்கு என்ன குழம்பு" என்று சாதாரண நாளில் வந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒட்டிக்கொள்வார்கள். உங்கள் தளத்திலும் அப்படித்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இதற்கு அடுத்த கேள்வி, எந்தக் குறிப்பு வழியாக முதலில் நுழைந்தவர்கள் பிறகு திரும்புகிறார்கள் என்பது. இதில்தான் உண்மையான லாபம் இருக்கிறது, ஏனென்றால் அடுத்து என்ன எழுதுவது என்று இது சொல்லிவிடும். முதல் வருகை நிகழ்வு நடந்த பக்கத்தை வைத்து ஆட்களைத் தனித்தனிப் பிரிவாக (செக்மென்ட்) போடலாம்: முதலில் கேக் பக்கத்தில் இறங்கியவர்கள் ஒரு செட், முதலில் பொரியல் பக்கத்தில் இறங்கியவர்கள் ஒரு செட். தரவிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் கொஞ்சம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரியுடன் இணைத்துவிடுங்கள். நாளுக்குப் பத்து லட்சம் நிகழ்வு வரை ஜிஏ4 இலவசக் கணக்கிலிருந்தே அனுப்பலாம், உங்கள் அளவுக்கு அது தாராளம். அங்கே ஒவ்வொரு செஷனுக்கும் இது அந்த பிரவுசரின் எத்தனையாவது செஷன் என்ற எண் இருக்கும். இரண்டு முறை வந்தவர்கள் எத்தனை, ஐந்து முறை எத்தனை, இருபது முறைக்கு மேல் எத்தனை என்று பிரித்துப் பார்த்தால், 5,200 என்ற ஒற்றை எண்ணுக்குள் மூன்று நான்கு விதமான கூட்டம் இருப்பது தெரியும். இணைத்த நாளிலிருந்துதான் தரவு சேரும் என்பதையும், பிக்குவெரியின் பணம் கட்டாத சாண்ட்பாக்ஸ் கணக்கில் 60 நாளில் அட்டவணைகள் அழிந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

குக்கியே தேவைப்படாத ஒரு சாட்சியும் இருக்கிறது, பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. கூகுள் தேடலில் உங்கள் தளம் எந்தச் சொற்களுக்கு வந்தது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து, உங்கள் தளத்தின் பெயரைச் சேர்த்துத் தேடியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். "அதிரசம் செய்வது எப்படி" என்று தேடி வந்தவர் யாராகவும் இருக்கலாம். "அதிரசம்" என்று அடித்துவிட்டு உங்கள் தளத்தின் பெயரையும் பக்கத்தில் அடித்தவருக்கு உங்களை ஏற்கெனவே தெரியும். முன்பு வந்திருக்க வேண்டும், அல்லது வந்த ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். போன் மாற்றிய அம்மாவும், லண்டன் மகளும் இங்கே அகப்படுவார்கள். பெயரை எத்தனை விதமாகத் தப்பாக எழுதுகிறார்களோ அத்தனையையும் சேர்த்து வடிகட்டுங்கள், தமிழில் அடிப்பது, ஆங்கில எழுத்தில் அடிப்பது, நடுவில் இடம் விடுவது, விடாதது எல்லாம். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கும், அதனால் இந்தத் தீபாவளியைப் போன தீபாவளியோடு ஒப்பிட முடியும். மிகக் குறைவாகத் தேடப்பட்ட சொற்களை அது காட்டாது என்பதால் இதுவும் கீழ்வரம்புதான். குக்கி கணக்கும் இதுவும் ஒரே திசையில் ஏறினால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் முதலில் குக்கி கணக்கைத்தான் சந்தேகப்படுவேன்.

"டைரக்ட்" என்று வரும் வருகைகளை விசுவாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முகவரியை மனப்பாடமாக அடித்து வந்தவர்கள் என்று பழைய பாடங்களில் இருக்கும். இன்றைக்கு அது ஒரு குப்பைத் தொட்டி. எங்கிருந்து வந்தார் என்று தெரியாத எல்லாமே அதில்தான் விழும். வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய இணைப்பு, பிடிஎஃபுக்குள் இருந்த இணைப்பு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் போகும். சித்தி அனுப்பிய லிங்கைத் தட்டி வந்தவர் முதல்முறை வருபவராகக்கூட இருக்கலாம். உங்களுக்கு வாட்ஸ்அப் சேனல் இருந்தால், அதில் போடும் ஒவ்வொரு இணைப்பின் வாலிலும், எங்கிருந்து வந்தது என்று சொல்லும் யூடிஎம் குறி சேர்த்துவிடுங்கள். சேனல் வழியாக வருபவர்களாவது தொட்டியிலிருந்து தனியாகப் பிரிந்துவிடுவார்கள்.

லாகின் வைத்தால் எல்லாம் துல்லியமாகத் தெரியுமே என்று யாராவது சொல்வார்கள். தெரியும்தான், லாகின் செய்தவர் எந்தப் போனில், எந்தக் கணினியில் வந்தாலும் ஒரே ஆளாகப் பார்க்கலாம். ஆனால் புளிக்குழம்பு படிக்க யார் லாகின் செய்வார்கள்? எப்போதாவது வைத்தால், போன் நம்பரையோ மின்னஞ்சலையோ அனலிட்டிக்ஸுக்கு அடையாளமாக அனுப்பிவிடாதீர்கள். கூகுளின் விதிப்படியே அது கூடாது. இந்தியாவில் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டத்தின் நுணுக்கத்தை வக்கீலிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை. தனியுரிமையைக் காரணம் காட்டி பிளாசிபிள் போன்ற குக்கியில்லாத கருவிக்கு மாறச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல கருவிதான், நானே என் சொந்தத் தளத்தில் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அது அடையாளத்தை நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடும். நேற்று வந்தவர் இன்று வந்தால் அதற்குத் தெரியாது, வேண்டுமென்றே தெரியாமல் வைத்திருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு அதில் பதில் இருக்காது. தரவு உங்கள் சர்வரிலேயே இருக்க வேண்டும், திரும்பி வருபவரும் தெரிய வேண்டும் என்றால், 2018 வரை பிவிக் என்று அழைக்கப்பட்ட மட்டோமோவைப் பாருங்கள். அங்கேயும் சபாரியின் ஏழு நாள் கறார் உண்டு.

ஏன் திரும்பினார் என்பதை மட்டும் இதில் எதுவும் சொல்லாது. குறிப்பு நன்றாக வந்ததால் மறுபடி வந்தாரா, உப்பு எவ்வளவு என்று போட மறந்துவிட்டீர்களா என்று தேடி வந்தாரா, இரண்டுக்கும் ஒரே எண்தான். ஒரு சின்ன வேலை செய்யலாம். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் "ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறேன்" என்று ஒரு பட்டன் வைத்து, தட்டினால் ஒரு நிகழ்வாகப் பதியும்படி செய்யுங்கள். தட்டுபவர்கள் மொத்த வாசகர்களின் மாதிரி ஆக மாட்டார்கள், பிரியமானவர்கள்தான் தட்டுவார்கள். அதனால் சதவீதம் போடாதீர்கள். எந்தக் குறிப்புக்கு அதிகம், எந்தக் குறிப்புக்குக் குறைவு என்று குறிப்புகளுக்குள் ஒப்பிட்டுக்கொள்ள அது போதும்.

கடைசியாக அந்த நோட்டிபிகேஷன் பாப்-அப். வைத்தால் எண் ஏறலாம், மறுக்கவில்லை. அனுமதி கொடுத்த பிரவுசரில் நோட்டிபிகேஷனைத் தட்டினால் சீட்டும் அங்கேயே இருக்கும், அச்சுப் பிசகாமல் "திரும்பி வந்தவர்" என்று பதிவாகும். ஆனால் நீங்கள் கூப்பிட்டு வந்தவரையும் தானாக வந்தவரையும் கலந்துவிட்டால், நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இனி பதிலே கிடைக்காது. வைத்தே தீருவேன் என்றால் அந்த இணைப்புகளுக்கும் யூடிஎம் போடுங்கள், கோஹார்ட் பார்க்கும்போது அவர்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பக்கம் திறந்தவுடன் மட்டும் அந்தப் பெட்டியைக் காட்டாதீர்கள். உங்கள் பக்கத்தை அடுப்பு மேடையில் வைத்துப் படிப்பவரின் கை மாவாக இருக்கும். அந்தக் கையோடு பாப்-அப்பின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தேட வேண்டியிருக்கும்.